மாத்துங்க சாமி, அழிக்காதீங்க



மஞ்சள் வெட்டி முடிச்சு, வேக வெச்சு, களத்துல காயப் போட்டாச்சு. இனி பத்துப் பன்னெண்டு நாளைக்கு ராத்திரிக் காவல் களத்துலதான். பனி இறங்குறதுக்குள்ள தார்ப்பாய் இழுத்து மூடணும், விடிஞ்சதும் எடுத்துக் கிளறி விடணும். கோயமுத்தூர்ல வேலை பாக்குற பையன் நாலு நாள் லீவுல வந்திருந்தான். ரெண்டு பேரும் களத்துலயே கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். நான் கண் அசர்ற நேரத்துல "ச்சே"ன்னு ஒரு சத்தம். போனைப் பாத்துக்கிட்டு பல்லைக் கடிக்கிறான்.

"என்ன கண்ணு, மஞ்சள் வெல இறங்கிருச்சா?"

"இல்லீங்ப்பா. ஸ்பைடர்மேன்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் சிரிக்கல. "உங்களுக்குத் தெரியாதுங்ப்பா, அவன் கல்யாணத்தையே இல்லாமப் பண்ணிட்டாங்க, இத்தனை வருஷமா அதைச் சரி பண்ணவே மாட்டேங்கறாங்க"ன்னான். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தோம். அதைத்தான் இன்னைக்கு எழுதறேன். விவசாயத்தைப் பத்தி எழுதறவன் இதை எதுக்கு எழுதறான்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சொல்லுங்க.

எனக்குக் காமிக்ஸ் தெரியாதுன்னு பையன் நினைச்சது தப்புங்க. 1984ல எனக்கு 12 வயசு. அந்த வருஷம்தான் ராணி காமிக்ஸும் வந்துச்சு, சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1972லேர்ந்து, முத்து காமிக்ஸ் இருந்துச்சு. எங்க ஊர் சலூன் பெஞ்சுல அட்டை கிழிஞ்ச புஸ்தகமா அடுக்கி வெச்சிருப்பாங்க. முடி வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, வெட்டின பிறகு ஒண்ணு. இரும்புக்கை மாயாவி, லயன் காமிக்ஸ் ஸ்பைடர், முகமூடி போட்ட காட்டு மாயாவி, இவங்களோடதான் நாங்க வளந்தோம். அந்த ஸ்பைடர் வேற, இந்த ஸ்பைடர்மேன் வேற. அது இங்கிலாந்துச் சரக்கு, கூர்மண்டை. இது அமெரிக்காவுல மார்வெல் கம்பெனியோடது.

பையன் சொன்ன விவகாரம் இதுதானுங்க. ஸ்பைடர்மேன் 1962ல ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உண்டாக்கின ஆளு. பேரு பீட்டர் பார்க்கர். அப்பா அம்மா இல்லாத பையன். அப்பாவோட அண்ணனும் அவர் சம்சாரமும் வளக்குறாங்க. இங்கிலீஷ்ல அங்கிள் பென், ஆன்ட்டி மேன்னு முடிச்சுடறாங்க. நம்ம முறையில பாத்தா பெரியப்பா, பெரியம்மா. பெரியப்பா சாகுறதுக்குத் தானும் ஒரு காரணம்னு அவன் மனசுல முள்ளு. அந்த முள்ளுதான் மொத்தக் கதையும்.

1987ல பீட்டருக்கும் மேரி ஜேன்ங்கிற பொண்ணுக்கும் கல்யாணம். கதையிலதான் கல்யாணம்னாலும் நியூயார்க்குல ஷே ஸ்டேடியத்துல நெசமாவே ஆளுங்களை வேஷம் கட்டி நிக்க வெச்சுக் கல்யாணம் நடத்திக் காட்டினாங்க. அதுக்கப்புறம் 20 வருஷம் அவங்க புருசன் பொண்டாட்டியாவே கதை ஓடிச்சு. 2007ல "ஒன் மோர் டே"ன்னு ஒரு கதை வந்துச்சு. பெரியம்மாவைத் துப்பாக்கியால சுட்டுடறாங்க, உசுருக்கு ஊசலாடறாங்க. மெஃபிஸ்டோன்னு ஒரு சாத்தான் வந்து, "பெரியம்மாவைப் பொழைக்க வெக்கறேன், பதிலுக்கு உங்க கல்யாணத்தைக் குடு"ங்கறான். ரெண்டு பேரும் ஒத்துக்கறாங்க. விடிஞ்சு எந்திரிச்சா கல்யாணமே நடக்கல. யாருக்கும் ஞாபகமும் இல்ல. பீட்டர் மறுபடியும் கல்யாணமாகாத இளவட்டம்.

மறுநாள் காலையில சம்சாரம் களத்துக்குக் காப்பி கொண்டாந்தா. பையன் அவகிட்டயும் இந்தக் கதையைச் சொன்னான். அவ காமிக்ஸ் எல்லாம் படிச்சவ இல்ல. கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "ஏனுங்க, அந்தப் பெரியம்மாகிட்ட யாராச்சும் கேட்டாங்களா? கேட்டிருந்தா செருப்பால அடிச்சிருப்பாளே."

இதை விட நல்ல விமர்சனம் எனக்கு எழுதத் தெரியாதுங்க.

ஆனா எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லணும். இந்த முடிவை எடுத்தவர் அப்ப மார்வெலுக்குத் தலைமை ஆசிரியரா இருந்த ஜோ கெசாடா. அந்தக் கதைக்குப் படம் வரைஞ்சதும் அவர்தான். அவர் சொன்ன காரணம் எனக்குப் புரியுது. ஸ்பைடர்மேன் ஒரு இளவட்டத்தோட கதை. வாடகை குடுக்கக் காசில்ல, காதலிக்கிற பொண்ணைப் பாக்கப் போனா அந்த நேரத்துல ஒரு திருடன் வந்து நிப்பான், அதுதான் அதோட ருசி. கல்யாணம் ஆயிட்டா அவனுக்கு வயசாயிருது. விவாகரத்து பண்ணி வெச்சா இன்னும் வயசாயிருது. பொண்டாட்டியைச் சாகடிச்சா மனைவியை இழந்தவன், அதுவும் வயசுதான். அதனால நடக்கவே இல்லைன்னு ஆக்கிட்டா இளமை திரும்பிரும். கணக்கு அப்படி.

புதுசா படிக்க வர்ற பசங்களும் இருக்காங்க. 12 வயசுப் பையன் ஒருத்தன் அந்தப் புஸ்தகத்தைக் கையில எடுத்தா, அது 544ஆவது இதழ். எங்கிருந்து ஆரம்பிப்பான்? புது நாத்து நடணும்னா பழைய தாளை உழுதுதான் ஆகணும்னு ஆசிரியர் நினைக்கிறதுல தப்பில்ல.

அப்ப வாசகர்களுக்கு மாத்தமே புடிக்காதான்னு கேட்டா, அது இல்லைங்கறதுதான் என் கட்சி.

நம்ம கூர்மண்டை ஸ்பைடரையே எடுத்துக்குங்க. 1965ல இங்கிலாந்துல லயன்ங்கிற வாரப் பத்திரிகையில வந்தப்ப அவன் திருடன். சாதாரணத் திருடன் இல்ல, திருட்டு ராஜ்ஜியத்துக்கே ராஜாவாகணும்னு கிளம்பினவன். அப்புறம் கதையை எழுத வந்தவர் யாரு தெரியுமா? ஜெர்ரி சீகல். 1938ல ஜோ ஷஸ்டரோட சேர்ந்து சூப்பர்மேனை உண்டாக்கின அதே சீகல். 130 டாலருக்கு சூப்பர்மேன் உரிமையை வித்துட்டு, அப்புறம் காலம் பூரா வருத்தப்பட்ட மனுசன். அவர் கையில கூர்மண்டை கொஞ்சங் கொஞ்சமா மாறி, திருடங்களைப் புடிக்கிறவன் ஆயிட்டான். ஆளே தலைகீழ். நாங்க யாராவது சண்டை போட்டமா? இல்லைங்க. அவன் திருடனா இருந்ததை யாரும் மறைக்கல. திமிரு அப்படியே இருந்துச்சு. "முன்னாடி திருடன், இப்ப திருந்திட்டான், ஆனா எப்பத் திரும்புவானோ"ன்னு ஒரு பயத்தோடயே படிச்சோம். மாத்தம் கதைக்குள்ள நடந்துச்சு.

ஸ்பைடர்மேன்லயே இன்னொண்ணு. 1973ல க்வென் ஸ்டேசிங்கிற பொண்ணைச் சாகடிச்சாங்க. பீட்டரோட காதலி. பாலத்துலேர்ந்து விழுறவளை அவன் வலையை வீசிப் புடிக்கிறான், ஆனா அவ உசுரோட இல்ல. வாசகர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க. ஆனாலும் அந்தச் சாவை நடக்கலைன்னு ஆக்கல. 50 வருஷம் தாண்டியும் பீட்டர் அதைச் சுமந்துக்கிட்டுத்தான் இருக்கான். அன்னைக்குத் திட்டினவங்களே இன்னைக்கு அதைத்தான் பெரிய கதைங்கறாங்க.

2011ல இன்னொரு மாத்தம். மார்வெல்லயே அல்டிமேட்னு தனியா ஒரு வரிசை. அதுல பீட்டர் சின்ன வயசுலயே செத்துப் போறான். அந்த இடத்துக்கு மைல்ஸ் மொராலஸ்னு ஒரு பையன் வர்றான். அப்பா கறுப்பினத்தவர், அம்மா போர்ட்டோ ரிக்கோ வம்சம். இதுக்கும் பெரிய சத்தம் போட்டாங்க. அதுல பாதி சத்தம் கதைக்காக இல்ல, பையனோட தோல் நிறத்துக்காக. அதைச் சொல்லாம விட்டா அது நேர்மை இல்ல. ஆனா மைல்ஸ் நின்னுட்டான். 2018ல அவனை வெச்சு எடுத்த அனிமேஷன் படம் ஆஸ்கார் வாங்குச்சு. ஏன் நின்னான்? பீட்டரை அழிச்சுட்டு அவன் வரல. பீட்டர் செத்ததுக்கு அழுதுட்டு, "நான் சீக்கிரம் உதவப் போயிருந்தா அவன் பொழைச்சிருப்பானோ"ங்கிற குத்தத்தோட வந்தான். பெரியப்பா சாவுக்குப் பீட்டர் மனசுல இருந்த அதே முள்ளு. விதை வேற, மண்ணு அதே.

இந்த மூணையும் பாருங்க. ஆளை மாத்தினாங்க, குணத்தை மாத்தினாங்க, காதலியைச் சாகடிச்சாங்க. மூணையும் ஜனம் ஏத்துக்கிச்சு. கல்யாணத்தை மட்டும் இத்தனை வருஷம் கழிச்சும் ஏத்துக்கல. ஏன்னா அது மாத்தம் இல்லீங்க. அழிக்கிறது.

இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குப் புஸ்தகத்துலேர்ந்து தெரியல. என் கிணத்துலேர்ந்து தெரிஞ்சுது.

எங்க தோட்டத்துக் கிணறு எங்க தாத்தா காலத்துல மூணு பங்காளிங்க சேர்ந்து வெட்டினது. மூணுல ஒரு பங்கு எங்களுக்கு. முறை வெச்சுத் தண்ணி எடுப்போம். 60 வருஷத்துக்கு மேல அப்படித்தான். சில வருஷம் முன்னாடி ஒரு கடன் விசயமா காகிதம் எடுக்கப் போனேன். பழைய நோட்டுலேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்துனப்ப எங்க பங்கு விட்டுப் போச்சு. "இந்தக் கிணத்துல உங்களுக்குப் பங்கே இல்லையே"ங்கறாரு அந்த ஆபீசர். நான் அந்தக் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவன். எங்கப்பா அதுல இறங்கித் தூர் வாரினவர். "கம்ப்யூட்டர்ல இல்லைங்க"ன்னு ஒரே வார்த்தை. கிணத்தை வித்துட்டோம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பறிச்சுக்கிட்டாங்கன்னா கேஸ் போட்டிருப்பேன். இருந்ததே இல்லைன்னா என்ன பண்றது? யார்கிட்ட சண்டை போடுறது? வாயடைச்சுப் போய் வெளிய வந்து ஆபீஸ் வாசல் வேப்ப மரத்தடியில உக்காந்துட்டேன்.

நாலு வருஷம் நடந்தேன். கடைசியில காப்பாத்தினது யாரு தெரியுங்களா? எங்ககூட எட்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. வரப்புத் தகராறு. அவரு நினைச்சிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், தண்ணி அவருக்கு மிச்சம். ஆனா ஆபீசுக்கு வந்து, "இவங்கப்பனும் எங்கப்பனும் சேர்ந்துதான் கயிறு புடிச்சாங்க, எனக்குத் தெரியும்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு.

களத்துல இதைச் சொன்னதும் பையன் எந்திரிச்சு உக்காந்துட்டான். "அப்பா, இது அப்படியே வாலி வெஸ்ட் கதைங்ப்பா"ன்னான். அப்புறம் அவன் சொன்னது.

டிசி கம்பெனியில ஃப்ளாஷ்னு ஒரு நாயகன், மின்னல் வேகத்துல ஓடுறவன். பேரு பேரி ஆலன். 1985ல ஒரு பெரிய கதையில உலகத்தைக் காப்பாத்தப் போய் உசுரை விட்டுடறான். அவன் சம்சாரத்தோட அண்ணன் மகன் வாலி வெஸ்ட். நம்ம முறையில பேரி அவனுக்கு மாமா. மாமாவோட உடுப்பை மருமகன் போட்டுக்கிட்டு 20 வருஷத்துக்கு மேல ஃப்ளாஷா இருந்தான். கல்யாணம் பண்ணினான், ரெட்டைப் பிள்ளைங்க பொறந்துச்சு. ஒரு தலைமுறையே அவனைத்தான் ஃப்ளாஷ்னு படிச்சு வளந்துச்சு. அப்புறம் மாமாவை உசுரோட திரும்பக் கொண்டாந்தாங்க. அதுவாவது பரவால்ல. 2011ல டிசி தன்னோட மொத்தக் கதைகளையும் கலைச்சு, 52 புஸ்தகம் ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. அதுல சூப்பர்மேனோட கல்யாணமும் போச்சு. வாலியைக் காணவே காணோம். செத்தான்னு கூட சொல்லல. அப்படி ஒருத்தன் இருந்த மாதிரியே இல்ல.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2016ல, அவன் திரும்பி வந்தான். அந்தக் கதையை எழுதினவர் ஜெஃப் ஜான்ஸ். வாலி காலத்துக்கு வெளிய மாட்டிக்கிட்டிருக்கான். யாராவது தன்னை ஞாபகம் வெச்சிருந்தா மட்டும்தான் அவனால உள்ள வர முடியும். ஒவ்வொருத்தர் முன்னாடியும் போய் நிக்கறான். தெரியலை. சம்சாரத்து முன்னாடி போய் நிக்கறான். அவளுக்கும் தெரியலை. கடைசியில மாமாகிட்ட வர்றான். காப்பாத்துன்னு கேக்க வரலை, போயிட்டு வர்றேன்னு சொல்ல வர்றான். கரைஞ்சு போற நேரத்துல மாமாவுக்கு ஞாபகம் வந்து, கையைப் புடிச்சு இழுத்துக் கட்டிக்கறாரு.

பையன் அந்தப் பக்கத்தைப் போன்ல காட்டினான். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், பன்னெண்டாவது படிப்பு. படம் புரிஞ்சுது. கயிறு புடிச்சதைச் சொல்ல வந்த பங்காளி முகம் ஞாபகம் வந்துச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, மஞ்சள் தூசுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அழிச்ச ஆளை அதே கம்பெனி, அழிச்சதையே கதையாக்கித் திருப்பிக் கொண்டாந்துச்சு பாருங்க. தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

இப்பப் பெரியம்மா கதைக்கு வர்றேன். இது கொஞ்சம் சொந்த விசயம்.

2009ல எங்கம்மா படுத்த படுக்கையானாங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரை ஏக்கரா வித்தேன். சம்சாரம் தாலிக்கொடி தவிர எல்லாத்தையும் கழட்டிக் குடுத்தா. அஞ்சு மாசம் அவதான் குளிப்பாட்டி, ஊட்டி விட்டா. அந்தச் சமயத்துல எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராத நாள் இல்ல. பணம் இல்ல, தூக்கம் இல்ல, பையன் இஸ்கூல் ஃபீஸ் கட்டல. கடைசியில அம்மாவும் தங்கல.

அந்த நேரத்துல ஒரு சாத்தான் வந்து, "உங்கம்மாவைப் பொழைக்க வெக்கறேன், பதிலுக்கு உன் கல்யாணத்தைக் குடு, உனக்கு ஞாபகமே இருக்காது, வலியும் இருக்காது, மறுபடியும் 25 வயசு இளவட்டமாயிரலாம்"னு கேட்டிருந்தா? நேர்மையா சொல்றேன், ராத்திரி மூணு மணிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனோ என்னமோ. அதனால பீட்டர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் ராத்திரி மூணு மணி மனுசன். ஆனா எழுத வெச்சவங்க பகல்ல, ரூமுல உக்காந்து யோசிச்சவங்க. அவங்க அவனைத் தடுத்திருக்கணும்.

ஏன்னா சாவை ஏத்துக்கக் கத்துக்கிறதுதான் அவன் கதையே. பெரியப்பா சாவுல ஆரம்பிச்சது, க்வென் சாவுல முதிர்ந்தது. பெரியம்மா சாவுல அவன் முழு மனுசன் ஆகியிருப்பான். பக்கத்துல பொண்டாட்டி நின்னிருப்பா. அதைக் குடுத்துட்டு இளமையை வாங்கினாங்க. இளமை எல்லாருக்கும் ஒரு தடவை சும்மா கிடைக்கிறது. அந்த அஞ்சு மாசம் எங்களுக்குச் சும்மா கிடைக்கல. இன்னைக்கு எங்களுக்குள்ள இருக்கிற ஒட்டு அங்க பொறந்தது. அதை அழிச்சுட்டா அப்புறம் நான் யாரு, அவ யாரு?

அந்தக் கதையை எழுதின ஸ்ட்ராசின்ஸ்கியே கடைசி இரண்டு பாகத்துலேர்ந்து தன் பேரை எடுத்துடலாமான்னு நினைச்சதா பிற்பாடு சொன்னார். நட்ட ஆளுக்கே அந்தப் பயிர் மேல மனசு ஒப்பல.

அதுக்காக வாசகர்கள் எல்லாம் உத்தமர்னு சொல்ல வரலீங்க. 1988ல டிசிக்காரங்க ஒண்ணு பண்ணினாங்க. பேட்மேனுக்குத் துணையா ராபின்னு ஒரு பையன் இருப்பான். அப்ப இருந்தவன் ரெண்டாவது ராபின், ஜேசன் டாட். பல பேருக்கு அவனைப் புடிக்கல. ஜோக்கர்கிட்ட அவன் மாட்டிக்கிறதோட ஒரு இதழை நிறுத்திட்டு, ரெண்டு போன் நம்பர் குடுத்தாங்க. பொழைக்கணும்னா ஒண்ணு, சாகணும்னா ஒண்ணு. ஒரு போனுக்கு 50 சென்ட். பொழைக்கட்டும்னு 5,271 ஓட்டு. சாகட்டும்னு 5,343. வித்தியாசம் 72. பையனைக் கொன்னுட்டாங்க.

எங்க ஊர் பஞ்சாயத்துத் தேர்தல்ல கூட 72 ஓட்டுன்னா மறுபடி எண்ணச் சொல்லுவாங்க. இங்க காசு குடுத்து ஒரு சின்னப் பையன் சாவுக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க. கதைதானேன்னு சொல்லலாம். கதைதான். ஆனா வாசகன் கையில அதிகாரத்தைக் குடுத்துட்டா நல்லது நடந்துரும்னு நினைக்கிறவங்க இந்த 72ஐ மறக்கக் கூடாது. சத்தம் போடுறவன் எல்லாம் சரியான ஆளும் இல்ல. எழுத்தாளரையும் ஓவியரையும் மிரட்டுற அளவுக்குப் போறவங்களும் இருக்காங்க. அவங்க கதையை நேசிக்கிறவங்க இல்ல, பட்டா கேக்கிறவங்க.

சில சண்டை வெறும் வேடிக்கை. 2011ல சூப்பர்மேனோட சிவப்பு ஜட்டியை எடுத்துட்டாங்க. அதுக்கு ஏழு வருஷம் சண்டை. 2018ல ஆக்ஷன் காமிக்ஸ் 1000ஆவது இதழ்ல திரும்பப் போட்டு விட்டாங்க. எங்க தாத்தா சாகுற வரைக்கும் கோவணத்தோடதான் காட்டுக்குப் போனாரு, யாரும் அதுக்குப் போராட்டம் பண்ணல. உடுப்பு மாறலாம், முடி நரைக்கலாம். அதுல எனக்கு வருத்தமே இல்ல.

அப்ப எப்படித்தான் மாத்தறதுன்னு பையன் கேட்டான். நான் களத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வாழைத் தோப்பைக் காட்டினேன்.

எங்க காலத்து முகமூடி மாயாவி இருக்காரே, அமெரிக்காவுல லீ ஃபாக் 1936ல ஆரம்பிச்ச ஃபேன்டம், அவருதான் வழி காட்டுறாரு. காட்டு ஜனங்க அவரைச் சாவே இல்லாதவர்னு நம்புறாங்க. ஆனா படிக்கிற நமக்கு ரகசியம் தெரியும். அப்பா செத்தா மகன் அதே முகமூடியைப் போட்டுக்கறான். இப்ப இருக்கிறவர் 21ஆவது ஆளு. முந்தின 20 பேரையும் மண்டையோட்டுக் குகைக்குள்ளயே புதைச்சிருக்கு. அவங்க கதையை எல்லாம் தடியான நோட்டுல எழுதி அடுக்கி வெச்சிருக்கு. ஒருத்தரையும் அழிக்கல. 1977ல 21ஆவது ஆளுக்கும் டயானாவுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சாங்க, கதை ஒண்ணும் கெட்டுப் போகல. அப்புறம் பையனும் பொண்ணுமா ரெட்டைப் பிள்ளைங்க பொறந்துச்சு. அடுத்த கன்னு தயாரா நிக்குது. அவரும் 1936லேர்ந்து கிழவனாகலைங்கிறது வேற விசயம். ஆனா வழி திறந்திருக்கு.

வாழையடி வாழைன்னு நாம கல்யாணத்துல வாழ்த்துறது இதைத்தான். தாய் மரம் தாரு போட்டா வெட்டித்தான் ஆகணும். பக்கக் கன்னு மேல வரும். ஆனா தாய் மரம் நின்ன கட்டையைப் பிடுங்கி எறிய மாட்டோம். அது மக்கித்தான் கன்னுக்கு எரு. ஸ்பைடர்மேனுக்கு மைல்ஸ் வந்தது அப்படி. பேரிக்குப் பின்னாடி வாலி வந்தது அப்படி. கல்யாண மண்டபத்து வாசல்ல பிளாஸ்டிக் வாழை கட்டுறாங்களே, அது எப்பவும் பச்சையாத்தான் இருக்கும். ஆனா அதுல தாரும் வராது, கன்னும் வராது. கல்யாணத்தை அழிச்சு இளவட்டமாவே நிக்க வெச்ச பீட்டர் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் வாழை மாதிரித் தெரியறான்.

மார்வெலுக்கும் இது தெரியாம இல்ல. நம்ம தினசரியில சிந்துபாத் வந்த மாதிரி அமெரிக்காவுல பேப்பர்ல ஸ்பைடர்மேன் தொடர் தனியா வந்துக்கிட்டு இருந்துச்சு. அதுலயும் 2009ல அவனைக் கல்யாணமாகாதவனா ஆக்கினாங்க. சில மாசத்துலயே அது கனவுன்னு சொல்லி, பொண்டாட்டியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. 2024 ஜனவரியில ஜோனதன் ஹிக்மேன் எழுத, அல்டிமேட் ஸ்பைடர்மேன் புதுசா வந்துச்சு. அதுல பீட்டருக்கு வயசாயிருச்சு, தாடி இருக்கு, மேரி ஜேன்தான் சம்சாரம், ரெண்டு குழந்தைங்க. முதல் இதழ் வித்துத் தீர்ந்து, திரும்பத் திரும்ப அச்சடிச்சாங்க. ஆனா அது வேற உலகத்துக் கதையாம். மூல உலகத்துல இன்னும் கல்யாணம் நடக்கவே இல்லைன்னுதான் வெச்சிருக்காங்க. பையன் பல்லைக் கடிச்சது அதுக்குத்தான்.

என் பேச்சை அங்க யாரு கேக்கப் போறா. இருந்தாலும் சொல்லிடறேன். கதாபாத்திரம் கம்பெனிப் பட்டாவுலதான் இருக்கு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா பட்டா பூமிக்கு நடுவுல 50 வருஷம் ஜனம் நடந்த வண்டித்தடம் இருந்தா, சொந்தக்காரன் கூட அதை ஏர் வெச்சு உழ யோசிப்பான். ஆசிரியருங்க அஞ்சு வருஷம், பத்து வருஷம் குத்தகைக்கு வந்தவங்க. அவங்க இஷ்டப்பட்ட பயிரை வெக்கட்டும். நெல்லு போட்ட இடத்துல மஞ்சள் போடட்டும். பாத்தியை மாத்தட்டும். கொல்லணும்னா கொல்லட்டும், அழுதுட்டுப் போறோம். ஆனா நேத்து நடந்ததை நடக்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை நடந்ததா நம்பி, சலூன் பெஞ்சுலயும் பஸ்ஸுலயும் கட்டில்லயும் படுத்துக்கிட்டுப் படிச்சவன் ஒருத்தன் இருக்கான். அவனோட அந்த வயசையும் சேர்த்துத்தான் அழிக்கிறீங்க.

பையன் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினான். போறதுக்கு முன்னாடி சம்சாரம் வழக்கம் போல கல்யாணப் பேச்சை எடுத்தா. "இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்மா"ன்னான். "பண்ணிக்கோ சாமி. உன் கல்யாணத்தை எந்தச் சாத்தான் வந்து கேட்டாலும் நான் விளக்கமாத்தோட நிப்பேன்"னு சொன்னா. பஸ் ஏறுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனான்.

மஞ்சள் இன்னும் நாலு வெயில் கேக்குது. அடுத்த வாரம் மெருகு போட்டு மண்டிக்கு ஏத்திட்டு, விலை என்ன கிடைச்சுதுன்னு எழுதறேன்.